ஒரு பாட்டாற் பெயர் பெற்றோர்

மேனாட்டு மெல்லிசை உலகில் ஒரு வழக்கு உண்டு. ஒரே பாட்டினால் நாடறிந்த புகழெய்திப் பின்னர் அப்புகழை மீண்டும் எட்டாது போன இசைக்குழுவினரைத் தனியோர் இனமாக வைத்து எண்ணுவர். 1969ஆம் ஆண்டில் ஸேகர், எவன்ஸ் என்னும் அமெரிக்கர் இருவர், 2525ஆம் ஆண்டில் மாந்தர் நிலை யாதாகும் என்று தொடங்கும் பாட்டொன்றைப் பாடினர். அமெரிக்க விற்பனை வரிசையில் அஃது ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. பிரித்தானியாவிலும் முதலிடம் பெற்றது. அவ்விருவர் அதனோடு பாடுதலை நிறுத்தினாரல்லர். மேலும் பாடினர், இசைத்தட்டுகள் வெளியிட்டனர். ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் அவ்வரிசையின் நூறு இடங்களுள் புகவில்லை.

அப்பாட்டை இளமையிற் கேட்டவர் இன்று முதியோர். அதனை மீண்டும் கேட்குங்கால் அவர் நெஞ்சில் எழும் உணர்ச்சி பாட்டைப் பற்றியது மட்டும் அன்று. கேட்ட காலம், கேட்ட வயது, உடன் கேட்ட தோழர் ஆகிய யாவும் அதனோடு வந்து சேர்கின்றன. இவற்றுக்கு மேலாக, ‘பாடியவர் பின்னர் என்னாயினர்?’ என்னும் இரக்கம் ஒன்றும் எழுகின்றது. பலநூறு பாடிப் புகழோடு மூத்த பாடகர்பால் இவ்விரக்கம் செல்வதில்லை. ஒன்றுக்குமேல் இல்லை என்னும் குறையே அவ்வொன்றன் இனிமையை மிகுவிக்கின்றது. குறை ஒன்று சுவையாக மாறும் இவ்வியல்பு நோக்கத்தக்கது.

தமிழாராய்ச்சி இதழொன்றில் இதனை எடுத்து மொழிதல் வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். வேண்டும் என்பதே எம் துணிபு. சங்கத் தொகைநூல்களுள் ஒரு பாட்டே பாடியோராகக் காணப்படும் புலவர்பால் நாம் கொண்டுள்ள அன்பு, மேற்கூறிய இரக்கத்தோடு ஒரு வயிற்றிற் பிறந்தது. அவ்வன்பு தவறன்று. ஆனால் அது பாட்டைப் படிக்கும் தொழிலுக்குத் துணை நிற்கின்றதா, இடையூறு செய்கின்றதா என்பது ஆராயற்பாலது. பெரும்பாலும் இடையூறே செய்கின்றது என யாம் கருதுகின்றோம். அவ்விடையூற்றில் எமக்கும் பங்குண்டு என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

சங்கச் செய்யுட்கள் 2381 என்றும், பாடிய புலவர் 473 பேர் என்றும், ஆசிரியர் பெயர் காணப்பெறாத பாடல்கள் 102 என்றும் அறிஞர் கணக்கிட்டுள்ளனர். இப்புலவருள் கபிலர் இருநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு உரியவர். ஔவையார் 59 பாடல்களுக்கு உரியவர். இத்தகையோர் மிகச் சிலர். புலவருட் பாதிக்கு மேற்பட்டோர்க்கு ஒவ்வொரு பாட்டே கிடைத்துள்ளது. எனவே, ஒரு பாட்டுடைமை என்பது சங்க இலக்கியத்தில் விலக்கு அன்று, அதுவே பெருவழக்கு. கபிலரே விலக்கு. இவ்வெளிய கணக்கை மறந்துவிட்டு, ஒரு பாட்டுப் புலவரை ஏதோ அருநிகழ்ச்சி போல வியந்து பேசுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

அவருள்ளும் நம் நெஞ்சைப் பெரிதும் கவர்ந்தோர், தம் பாட்டின் தொடரையே பெயராகக் கொண்டு விளங்குவோர். குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக்கோழியார், பதடி வைகலார், காலெறி கடிகையார் எனவும், நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனவும், புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார், கூகைக்கோழியார் எனவும் வரும் பெயர்களை அறியாத தமிழ் மாணவர் இலர். உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு, இப்பெயர்கள் பாட்டின் தொடரால் அமைந்தமையைத் தெளிவுறக் காட்டிற்று. அணில் ஆடும் முற்றத்துக்கும், குப்பையிற் பொரும் கோழிக்கும் ‘ஆர்’ விகுதி சேர்த்து உயர்வு செய்த மொழி நம் மொழி என்பதில் எமக்குப் பெருமகிழ்ச்சியே.

இடர் இதன் பின்னரே தோன்றுகின்றது. ‘இப்புலவர் தம் இயற்பெயரை இழந்தனர், தம் பாட்டாற் பெயர் பெற்றனர்’ என்று வகுப்பிற் கூறுகின்றோம். மாணவர் அதனை எழுதிக்கொள்கின்றனர். தேர்வில் நமக்கே திருப்பித் தருகின்றனர். இருபாலும் ஒத்து நிற்கும் அவ்வாக்கியம் கேட்க இனியது. அதனாலேயே அதனை ஆராயாது விட்டோம். யாமும் பல்லாண்டு அதனையே சொல்லி வந்தோம். அதன் முதற்பகுதிக்குச் சான்று யாது என்று மாணவர் ஒருவர் வினவியபோதுதான், சான்று எம்மிடம் இல்லை என்பது தெரிந்தது.

பெயர் இழந்தமையாலேயே தொடர்ப்பெயர் இடப்பட்டது என்று கொள்வதற்கு இடையூறாக நிற்கும் செய்திகள் தொகைநூல்களிலேயே உள்ளன. காக்கையின் கரைதலைப் பாடிய குறுந்தொகை 210ஆம் பாட்டின் ஆசிரியர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் எனப்படுகின்றார். நச்செள்ளை என்பது இயற்பெயர், அஃது இழக்கப்படவில்லை. இழக்கப்படாதிருந்தும் பாட்டால் வந்த பெயர் அதற்கு முன்னே சென்று அமர்ந்தது. பாலை பாடிய பெருங்கடுங்கோ, வெறிபாடிய காமக்கண்ணியார், மடல் பாடிய மாதங்கீரனார் என்பனவும் அன்ன. இங்கெல்லாம் பாட்டின் பெயர் அறியாமையை மறைக்க இட்ட குறியீடு அன்று. கேட்டோர் உவந்து சூட்டிய பட்டம். நச்செள்ளையார்க்குப் பட்டமாக இருப்பது செம்புலப்பெயனீரார்க்கு மட்டும் இரங்கத்தக்க அடையாளமாதல் யாங்ஙனம்?

இதனினும் வலிய சான்று ஓரேருழவர். குறுந்தொகை 131ஆம் பாட்டு, வினைமுற்றி மீளும் தலைவன் கூற்று. தலைவியின் ஊரோ நெடுந்தொலைவில் உள்ளது, நெஞ்சோ விரைகின்றது. மழை பெய்து ஈரம் பட்ட நிலத்தை உழுதற்கு ஒரே ஏர் உடைய உழவன் எங்ஙனம் பதைப்பானோ அங்ஙனம் அந்நெஞ்சு பதைக்கின்றது. ஈரம் காயுமுன் உழ வேண்டும், ஏரோ ஒன்று. உழவை அறிந்த எவரும் இவ்வுவமையை ஒருமுறை கேட்டபின் மறவார். இப்புலவர் ஓரேருழவனார் எனப்பட்டார். இனிப் புறநானூறு 193ஆம் பாட்டை நோக்குக. அதனைப் பாடியவரும் ஓரேருழவர் என்றே குறிக்கப்பட்டுள்ளார். ஆனால் அப்பாட்டில் ஏரும் இல்லை, உழவனும் இல்லை, ஈரமும் இல்லை. தோலை விரித்தாற்போன்ற வெண்களர் நிலமும், வேட்டுவன் ஒருவன் துரத்த ஓடும் மானுமே உள்ளன.

குறுந்தொகையைத் தொகுத்தோர் ஆசிரியர் பெயர் அறியாமையால், பாட்டை நோக்கி ஒரு பெயர் கற்பித்தனர் என்று கொள்வோமாயின், ஏரே இல்லாத புறப்பாட்டுக்கு அப்பெயர் வந்தது எவ்வாறு? தொகைநூல்கள் நிறைவுற்றபின் எவரோ ஒருவர் இரண்டையும் இணைத்தார் என்று விடை கூறலாம். அங்ஙனமாயினும் இரண்டும் ஒருவர் பாடல்கள் என்னும் செவிவழிச் செய்தி அவர்க்குக் கிடைத்திருத்தல் வேண்டும். அச்செய்தி ஒரு பெயரைப் பற்றிக்கொண்டே வந்திருத்தல் வேண்டும். எவ்வாறு நோக்கினும், தொகுப்போர் கைக்கு வருமுன்னரே அப்புலவர் ஓரேருழவர் என்று வழங்கப்பட்டார் என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஒருவர்க்குப் பொருந்துவது எல்லார்க்கும் பொருந்தும் என்று யாம் வாதிடவில்லை. பழைய வாக்கியத்தை இனியும் ஐயமின்றிச் சொல்லுதற்கில்லை என்பதே எம் கருத்து.

ஓரேருழவரை இன்னும் சிறிது நேரம் விடுதற்கு மனமில்லை. அவருடைய இரு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பார்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. அகப்பாட்டில் ஓடுவது நெஞ்சு. அது வீட்டை நோக்கி ஓடுகின்றது. புறப்பாட்டில் ஓடுவது மான். ஓடித் தப்பவும் கூடும் எனத் தோன்றுகின்றது. ஆனால் சுற்றத்தோடு கூடிய வாழ்க்கை காலைத் தளையிடுகின்றது. முன்னதில் இல்லம் விரைவுக்குக் காரணம். பின்னதில் இல்லமே விரைவுக்குத் தடை. இரண்டிலும் விரைவு உண்டு, தனிமை உண்டு. ஓரிடத்தில் ஒற்றை ஏர், மற்றோரிடத்தில் வேட்டுவன் ஒருவன் துரத்தும் தனி மான். இவை ஒரே உள்ளத்தின் இரு முகங்கள் எனின், குறுந்தொகைப் பாட்டின் மகிழ்ச்சிப் பதைப்பின் அடியில் வேறொரு நிழல் படிகின்றது. 193ஆம் பாட்டு அழிந்துபோயிருந்தால் அந்நிழலை நாம் கண்டிருக்கமாட்டோம். காதலின் விரைவைப் பாடிய ஒரு பாட்டுப் புலவர் என்று கூறி அமைந்திருப்போம். இரண்டாவது பாட்டு ஒன்று கிடைத்தவுடன் முதற்பாட்டே மாறிவிடுகின்றது என்றால், ஒற்றைப் பாட்டைக்கொண்டு புலவரின் உள்ளத்தை வரைந்து காட்டும் நம் முயற்சிகள் எத்துணை நொய்ய அடித்தளத்தின்மேல் நிற்பன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, ‘ஒரு பாட்டு’ என்னும் அவ்வொருமை எங்கிருந்து வந்தது என்று காண்போம். மேனாட்டு இசைக்குழுவுக்கு அதனைத் தந்தது விற்பனை வரிசை. நம் புலவர்க்குத் தந்தது தொகை. குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோ நான்கடி முதல் எட்டடி வரையுள்ள பாடல்களைக் கொண்டனர். ஒன்பது முதல் பன்னிரண்டு அடிவரை உள்ளவை நற்றிணைக்குச் சென்றன. அதனின் மிக்கவை அகநானூற்றுக்குச் சென்றன. ஒவ்வொன்றும் நானூறு என்னும் அளவினது. புலவர் ஒருவர் நூறு பாடியிருப்பினும், அளவும் அடியும் துறையும் பொருந்தித் தொகுப்போர் உள்ளத்துக்கு இசைந்தவையே உள்ளே புகுந்திருக்கும். பெயர் காணப்பெறாத 102 பாடல்களுள் இவர்தம் வேறு பாடல்கள் கலந்திருத்தலும் கூடும். ஆகவே ‘ஒரு பாட்டே பாடினார்’ என்பதற்கும் ‘ஒரு பாட்டே கிடைத்தது’ என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு சொல்வேறுபாடு அன்று. முன்னது புலவரைப் பற்றிய செய்தி. பின்னது ஏட்டைப் பற்றிய செய்தி. நாம் ஏட்டின் வரலாற்றைப் புலவரின் தலைவிதியாக மாற்றிக் கண்ணீர் விடுகின்றோம்.

கேட்போரே ஒருமையை உண்டாக்குதலும் உண்டு. ஸேகர், எவன்ஸ் இருவரின் பிற பாடல்கள் அழிந்தனவல்ல, விரும்பினார் கேட்கலாம், விரும்புவார்தாம் அரியர். இதற்கு நேரான நிகழ்ச்சி நம்மிடத்தும் உண்டு. அதுவும் நம் புலவருள் உலகறிந்த ஒருவர் திறத்தில். கணியன் பூங்குன்றனார் என்றவுடன் புறநானூறு 192ஆம் பாட்டு ஒன்றே நினைவுக்கு வருகின்றது. நற்றிணை 226ஆம் பாட்டும் அவர்க்கு உரியதாகச் சொல்லப்படுகின்றது. ஏட்டிற் கணிபுன்குன்றனார் என்று பெயர் காணப்படினும் இருவரும் ஒருவரே என்று அறிஞர் பலர் கொள்வர். மருந்துக்காக மரத்தையே சாவ விடார் மாந்தர், தம் வலிமை கெடத் தவம் செய்யார் உயர்ந்தோர், குடிகளின் வளம் கெட இறை கொள்ளார் மன்னர் எனப் பொதுவறம் மூன்றனை நிரல்பட வைத்து, அவ்வளவு அறிந்த உலகில் தன்னைப் பிரிந்து பொருள்வயிற் சென்றானே தலைவன் என்று நோகும் தலைவியின் பாட்டு அது. உலகை அளக்கும் அதே கோலால் ஒரு வீட்டின் துயரையும் அளக்கும் திறம் அதன்கண் உண்டு. அதனை மேடையில் எவரும் எடுத்துரைக்கக் கேட்டிலேம்.

புறப்பாட்டுக்கேனும் நீதி கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. பதின்மூன்று அடிகளுள் முதலடி ஒன்றே மேடைதோறும் முழங்குகின்றது. பேராற்று நீரின்வழிச் செல்லும் புணைபோல் உயிர் முறைவழிச் செல்லும் என்னும் தெளிவிலிருந்து அம்முதலடி பிறந்தது என்பதும், பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்னும் முடிபுக்கே அஃது அழைத்துச் செல்கின்றது என்பதும் மறக்கப்பட்டன. இரு பாட்டுடையார் ஒரு பாட்டுடையார் ஆயினர். ஒரு பாட்டுடையார் ஓரடியுடையார் ஆயினர். புகழ் குறைத்துக்கொண்டே செல்லும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

ஒரு பாட்டே பாடியிருக்கக் கூடியவர் என்று துணிந்து கூறத்தக்க சிலரும் உளர். கணவன் பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாயப் புகுந்து, தடுத்த சான்றோரை நோக்கிப் பேசிய பெருங்கோப்பெண்டு (புறம் 246); சோழன் சிறையில் நீர் கேட்டுப் பெற்றும் உண்ணாது சொல்லித் துஞ்சியதாகக் குறிப்புக் கூறும் சேரமான் கணைக்கால் இரும்பொறை (புறம் 74). இவர்க்குப் பாட்டு ஒன்றாதற்குக் காரணம் அந்நிகழ்ச்சி ஒன்றாதலே. இவ்விருவரைப் பற்றி இதற்குமேற் கூற வேண்டுவதில்லை.

ஆனால் பாரி மகளிர் பாட்டும் (புறம் 112), தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டும் (புறம் 243) நின்று நோக்கற்குரியன. இவை ஒற்றைப் பாடல்கள் என்பதோடு, கழிந்ததை நினைந்து இரங்கும் பாடல்களும் ஆம். கழிந்ததை நினைந்து இரங்குவார் மிக விரும்பும் பாடல்கள் தாமே அவ்விரக்கத்தைப் பொருளாகக் கொண்டிருத்தல் தற்செயலாகவும் இருக்கலாம். எனினும், நினைந்திரங்கல் என்பது செம்மையாக அமைந்தால் எங்ஙனம் இருக்கும் என்பதை நமக்குக் கற்பிக்க இவற்றை விடச் சிறந்தன இல்லை.

பாரி மகளிர் இருவர், பாட்டு ஒன்று. இரு குரல் சேர்ந்து பாடிய ஒற்றைப் பாட்டு என்ற வகையில், மேற்கூறிய இசைக்குழுவினர்க்குத் தொகைநூலில் நேர் நிற்போர் இவரே. சென்ற நிறைமதி நாளில் தந்தை இருந்தான். குன்று பிறர் கையிற் படவில்லை. இந்த நிறைமதி நாளில் குன்று வென்ற வேந்தர் கையது, தந்தை இலன். ஐந்தடியிற் பாட்டு முடிந்துவிடுகின்றது. அழுதோம் என்று ஒரு சொல் இல்லை. வேந்தரைப் பழித்து ஒரு சொல் இல்லை. அவர்தம் முரசுக்கு வெற்றி அடை கொடுத்தே பேசுகின்றனர். திங்கள் மட்டும் மாறாது வந்து நிற்கின்றது. அம்மாறாமையே மாறியவற்றை அளந்து காட்டுகின்றது. நினைந்திரங்குவார் பொதுவாகச் செய்யும் பிழை, பழங்காலத்தை நிகழ்காலத்தினும் ஒளியுடையதாகக் காட்டுதல். இம்மகளிர் இரண்டு இரவுக்கும் ஒரே ஒளியைத் தந்துள்ளனர்.

மற்றைய பாட்டோ இதற்கு மாறான நெறியில் செல்கின்றது. அங்குக் கழிந்த காலம் நிறைந்து வழிகின்றது. மணலாற் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டியது, பொய்கை ஆடிய மகளிரோடு கைகோத்துத் தழுவியும் அசைந்தும் ஆடியது, நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நின்றோர் வியக்கவும் திவலை சிதறவும் ஆழ்ந்த மடுவிற் பாய்ந்தது, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது என ஒன்றன்மேல் ஒன்றாகச் செயல்கள் வருகின்றன. மூச்சுவிட இடம் தராத வேகம் அது. நீரில் மூழ்கியவனுக்கு மூச்சுவிட இடமேது? அவ்வேகம் முடிந்தவுடன் முதுமை வருகின்றது. பூண் தலையில் அமைந்த கோலை ஊன்றி, நடுங்கி, இருமல் இடைப்புகுந்து சில சொல்லே பேசும் முதியவன் நிற்கின்றான். பாட்டின் பெரும்பகுதி ஆட்டத்துக்கும், சிறுபகுதி இருமலுக்கும் உரியது. பெயரிட்டோர் யாதனைத் தேர்ந்தனர் என்று பார்த்தல் வேண்டும். மடுவையோ மருதமரத்தையோ மணற்பாவையையோ தேரவில்லை, கோலைத் தேர்ந்தனர். இழந்ததன் பெயரை இடாது, எஞ்சியதன் பெயரை இட்டனர். பாட்டை நன்கு படித்தவரே அங்ஙனம் இட்டிருத்தல் கூடும்.

இவ்விரு பாட்டுக்கும் தொகுத்தோர் வகுத்த துறை கையறுநிலை. தலைவன் இறந்தவழிச் சுற்றத்தாரும் புலவரும் செயலற்று இரங்குதற்கு உரிய துறை அது. தந்தையை இழந்த மகளிர் பாட்டு அத்துறையில் அமைதல் இயல்பு. முதியவர் பாட்டில் இறந்தவன் யாவன்? மடுவிற் பாய்ந்த அவ்விளைஞனே. அவனும் இவரும் ஒருவரே ஆயினும், அவன் மாய்ந்தான். இவர் இருந்து இரங்குகின்றார். துறை வகுத்தோர் திறனாய்வாளர் என்பதை நாம் பலகாலும் மறந்துவிடுகின்றோம். பாட்டின் அடியில் உள்ள ஒரு சொல்லால், நாம் பத்துப் பக்கத்திற் கூற முயல்வதை அவர் கூறிவிட்டனர்.

நம் அன்பு துறையைப் புறக்கணிக்கும்போது நேர்வது யாது என்பதற்குச் செம்புலப்பெயனீரார் பாட்டே சான்று. குறுந்தொகை 40 என்னும் எண்ணுடைய அவ்வைந்தடிப் பாட்டு, ஏ. கே. இராமானுசன் 1967இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு நூலால் உலகெங்கும் பரவிற்று. 1997இல் வெளிவந்த ‘இருவர்’ என்னும் திரைப்படத்தின் ‘நறுமுகையே’ பாட்டில் இதன் சொற்களும் பாரி மகளிர் பாட்டின் சொற்களும் கலந்து வந்தன. திருமண அழைப்பிதழ்களிலும் இதனைக் காண்கின்றோம். ஒரு பாட்டுப் புலவர் ஒருவர்க்கு இதற்குமேற் புகழ் வேண்டா. ஆயின் இவ்விடங்களிலெல்லாம் அது கூடி மகிழ்ந்தோரின் களிப்புப் பாட்டாகவே எடுத்தாளப்படுகின்றது. துறைக்குறிப்பு வேறு கூறுகின்றது. கூடிய பின்னர்த் தலைவன் பிரிந்துவிடுவானோ எனத் தலைவி அஞ்சுகின்றாள். அவள் குறிப்பு வேறுபடுகின்றது. அதனைக் கண்டு தலைவன் கூறுகின்றான். தாயர் யார், தந்தையர் யார், நாம் ஒருவரையொருவர் அறிந்தது எவ்வழி என அவன் அடுக்கும் மூன்று வினாக்களும், அவள் வாய்திறந்து வினவாத வினாக்கள். ஒரு தொடர்பும் இல்லாத இவனை எதனை நம்பி ஏற்பது என்பதே அவள் அச்சம். அவ்வச்சத்தை அவன் மறுக்கவில்லை; ஆம், ஒரு தொடர்பும் இல்லைதான் என ஒப்புக்கொண்டு, அதன் பின்னரே மழைநீரையும் செம்மண்ணையும் காட்டுகின்றான். அச்சத்தை நீக்கிவிட்டுப் படித்தால் மூன்று வினாக்களும் வெறும் அணியாகிவிடுகின்றன. உவமை இனிய ஓவியமாகிவிடுகின்றது. உவமை அங்கே ஓவியம் அன்று, விடை.

இவ்வன்பு இல்லாவிட்டால் இப்பாடல்கள் மக்களிடம் வாழ்ந்திருக்குமோ என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. அழைப்பிதழில் அச்சிடுவோரையோ திரைப்பாட்டில் எடுத்தாளுவோரையோ யாம் குறைகூறவில்லை. அவர்க்கு வேண்டியதை அவர் கொண்டனர். கற்பிக்கும் நாமும் அவ்வளவோடு நின்றுவிடுதல் தகுமோ என்பதே வினா. ஒரு பாட்டுப் புலவர் என்னும் தலைப்பின்கீழ் இவரைப் பிரித்தெடுத்துப் பாடமாக்கும் வழக்கத்தையும் யாம் அத்துணை விரும்பவில்லை. குறுந்தொகை அவரை அங்ஙனம் பிரித்து வைக்கவில்லை. ஏட்டின் முறையை நோக்குக. 38 கபிலர் பாட்டு, 39 ஔவையார் பாட்டு, 40 செம்புலப்பெயனீரார், 41 அணிலாடு முன்றிலார், 42 மீண்டும் கபிலர், 43 மீண்டும் ஔவையார். பெரும்புலவர் இருவர்க்கு இடையில் ஒற்றைப் பாட்டுடையார் இருவர் அமர்ந்துள்ளனர். ஏட்டில் அவர்க்கு இடம் சிறிதும் இல்லை, பெரிதும் இல்லை.

இம்முறையை வகுத்தவர் கருத்து யாதாயினும், முறைப்படி படிக்குங்கால் ஒரு தொடர்ச்சி தோன்றத்தான் செய்கின்றது. 39ஆம் பாட்டில், கடுங்காற்றில் உழிஞ்சில் நெற்றுகள் ஒலிக்கும் பாலைவழியில் தலைவன் சென்றுள்ளான். 40ஆம் பாட்டில், பிரிவை அஞ்சும் ஒருத்திக்கு ஒருவன் மழைநீரைக் காட்டி உறுதி கூறுகின்றான். 41ஆம் பாட்டில், தலைவன் உடனிருந்தபோது விழாக்கொண்ட ஊர்போல் மகிழ்ந்த தலைவி, அவன் நீங்கியபோது மக்கள் விட்டகன்ற பாலைச் சீறூரில் அணில் ஆடும் முற்றத்தையுடைய வீடுபோலப் பொலிவிழந்ததைத் தோழியிடம் சொல்கின்றாள். செம்மண்ணிற் கலந்த நீரைப் பிரிக்க இயலாது என்று சொன்ன பாட்டுக்கு அடுத்த ஏட்டிலேயே, ஆளில்லா முற்றத்தில் அணில் ஓடிக்கொண்டிருக்கின்றது.